இரண்டு முனியாண்டிகளின் மகள்கள்

போன வாரம் ஷாமினி எனக்குப் போன் போட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண் அவள். பிள்ளை பராமரிப்புக் கட்டணத்துக்கு அரசாங்க உதவி கேட்டு வரும் தாய்மார்களை முகப்பில் உட்காரவைத்து விசாரிப்பது அவள் வேலை. அதற்கு முன்னால் அது என் வேலை.

"அக்கா, ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருக்கு லா. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லதானே. 'பிள்ளையைப் பார்த்துக்கிறவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை'ன்னு ஒரு கட்டம் வருது. அதுல டிக் பண்ணாத்தான் அடுத்த பக்கம் போகும். இந்தம்மா பண்ண மாட்டேங்குது. அத்தைய போய் எப்படி உறவு இல்லைன்னு சொல்றதுன்னு கேக்குது. சொந்த அத்தையான்னு கேட்டா, இல்லையாம். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீடாம்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதீங்க அக்கா. எனக்குத் தலை வலிக்குது. நீங்க ஒரு தடவ விண்ணப்பப் பாரத்தையே பேனாவால அடிச்சிட்டு மேலிடம் வரைக்கும் போய் நின்னீங்களாமே? அது என்ன கதை? எழுதிக் கொடுங்களேன். தமிழ்லயே எழுதுங்க, மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

சரி, எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததற்கு வருத்தப்படுவதாக இதில் ஒரு வரிகூட இருக்காது. அதை எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போய்க் காப்பி கலக்கிக் குடிக்கலாம்.

என் பெயர் பரிமளம். அலுவலகத்தில் எல்லாருக்கும் நான் பாரி. மலாயில் பாரி என்றால் திருக்கை மீன். மலாக்காவில் சம்பால் மிளகாய் விழுதைத் தடவி, வாழை இலையில் வைத்துச் சுட்டுத் தின்கிறோமே, அதேதான். முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நாள் போனதும், "பார்த்துப் பேசு, திருக்கைக்கு வாலில் முள் உண்டு" என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்துப் போய்விட்டது.

நான் பிறந்தது அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகும்போது என்னை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போவார். அந்தக் கொட்டகையை நினைத்து உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் உருக மாட்டேன். ஏணைத் துணியில் மூத்திர நாற்றம், பால் பவுடரில் பாதி தண்ணீர், அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே ஆயா. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அங்கே என்னை விட்டதற்காக யாரும் அம்மாவைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டதில்லை. வேலைக்குப் போகிறவள் பிள்ளையை எங்காவது விட்டுத்தானே ஆகவேண்டும்! பிறகு தோட்டப் பள்ளி, டவுனில் இடைநிலைப் பள்ளி, டைப்பிங் வகுப்பு, அரசாங்கத்தில் கிராணியாக எழுத்து வேலை, இரண்டு மூன்று இடமாற்றம். இதையெல்லாம் விவரித்தால் ஷாமினி தூங்கிவிடுவாள். கடைசியில் இந்த முகப்புக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் பகுதி கொடுத்த உதவி எளிதாகப் புரியக்கூடியதுதான். சம்பளம் குறைவாக உள்ள தாய், பிள்ளையைப் பதிவு பெற்ற தாஸ்காவில், அதாவது பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், விட்டுவிட்டு வேலைக்குப் போனால் கட்டணத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுக்கும். வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் பதிவு செய்திருந்தால் அவர்களும் இதில் சேர்த்தி. பார்த்துக்கொள்கிறவர் சொந்தக்காரராக இருந்தால் மட்டும் உதவி கிடையாது.

இந்தக் கொஞ்சத்தைக் கொடுப்பதற்கே எத்தனை பேருக்கு வயிற்றெரிச்சல் என்கிறீர்கள்! ஒருநாள் ஒரு பெரிய மனிதர் முகப்புக்கு வந்தார். கோயில் கமிட்டியில் பதவி, கழுத்தில் தடித்த சங்கிலி. அவர் மருமகள் எங்களிடம் மனுப்போட்டிருந்தாள். அதைத் திரும்பக் கொடு என்று நின்றார்.

"பெத்தவ பாக்காம கூலிக்கு ஆள் வச்சுப் பாக்குறதா? எங்கம்மா எட்டுப் பிள்ளைய வளத்தா. எந்தக் கவர்மெண்டு காசு கொடுத்துச்சு?"

"உங்கம்மா எட்டுப் பேரையும் வீட்ல உட்கார்ந்தா வளத்தாங்க, அண்ணே?"

"தோட்டத்துல வேலை செஞ்சாங்க."

"அப்ப உங்களை யாரு பார்த்தா?"

ஆயாதான் பார்த்திருப்பார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "மருமக மனுவ மருமகதான் திரும்ப வாங்கணும். மாமனாருக்குக் கொடுக்க சட்டத்துல இடமில்ல," என்று சொல்லி அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். அடுத்த கோயில் திருவிழாவில் அவர் வீட்டுப் பந்தலில் எனக்கு மோர் கிடைக்கவில்லை. நான் கடையில் தேங்காய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டேன்.

இப்போது என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். புவான் சல்மா. புவான் என்றால் மலாயில் மேடம். ஒல்லியான பெண்மணி, முக்காட்டின் ஊசியை எப்போதும் இடது பக்கம்தான் குத்துவார். அவர் அறையில் யாரும் நின்றுகொண்டு பேசக்கூடாது. "டூடோக்," என்பார். உட்கார் என்று அர்த்தம். "நிற்கிறவன் சீக்கிரம் போய்விடவேண்டும் என்று பேசுவான். எனக்கு அவசரப் பேச்சு வேண்டாம்." நாம் உட்கார்ந்த பிறகு கண்ணாடிக் குவளையில் இருக்கும் சுடுதண்ணீரை ஒரு வாய் குடிப்பார். சர்க்கரை இல்லை, தேத்தூள் இல்லை, வெறும் சுடுதண்ணீர். அதன் பிறகுதான் பாரத்தைத் தொடுவார். பாரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படிப்பார். "முதல் பக்கத்தை எல்லாரும் கவனமாக நிரப்புவார்கள், பாரி. களைத்துப்போன பிறகு எழுதுவதில்தான் உண்மை இருக்கும்."

முடியாது என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. பாரத்தை மூடி, அதன்மேல் மூக்குக்கண்ணாடியை வைத்துவிடுவார். அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடி ஏறிவிட்டால் அந்த மனு செத்தது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

அவர் சந்தேகப்படுவதற்கும் காரணம் இருந்தது. கோலா சுங்கை பாருவில் ஒரு ஆள், தன் சொந்த அம்மாவையே பக்கத்து வீட்டுக் கிழவி என்று காட்டி, மனைவி பெயரில் பல மாதம் உதவி வாங்கித் தின்றான். நானும் புவானும் நேரில் போனபோது மீன் வலை காயும் வாசலில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில், "எம்மவன் இப்ப வந்துருவான்" என்றார். வந்து நின்றது அந்த ஆள்தான். புவான் காருக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் மேலிடத்திலிருந்து ஒரு புதுப் பக்கம் அச்சடித்து வந்தது: பார்த்துக்கொள்பவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்று தாய் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். திருடன் ஒருத்தன், கையெழுத்துப் போடவேண்டியவர்கள் ஊரிலுள்ள தாய்மார்கள் எல்லாரும்!

அந்தப் பக்கத்தோடு மோதியவள்தான் கலைவாணி.

பத்து பெரண்டாமில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மத்தியான ஷிப்ட். மகள் யாழினிக்கு மூன்று வயது. கணவன் ஜொகூருக்கு வேலை தேடிப் போனான். வேலையும் கிடைத்தது, இன்னொரு வீடும் கிடைத்தது. திரும்பி வரவில்லை. புக்கிட் காத்திலில் இவள் வாடகைக்கு இருந்த வரிசையிலேயே இரண்டு வீடு தள்ளி லெச்சுமி இருந்தாள். பதிவு செய்துகொண்டு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். யாழினி அங்கேதான் வளர்ந்தது.

கலைவாணிக்கு இந்த உதவி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவளே என்னிடம் சொன்னாள். "கட்டணம் கட்ட முடியல, அக்கா. லெச்சுமி அக்கா சும்மாவே பாத்துக்கிறேங்குது. அவங்க வீட்டுக்காரருக்கு வேலை இல்ல, அந்தக் காசுலதான் அந்த வீடே ஓடுது. நான் எப்படி சும்மா விடுறது? வேலைய விட்டுட்டு எங்கம்மாகிட்ட தோட்டத்துக்குப் போயிட வேண்டியதுதான். அங்க போனா வேலை இல்ல. பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் தூரம்."

நான் பாரத்தை நிரப்பி, அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, லெச்சுமியின் பதிவுச் சான்று எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே அனுப்பினேன். மத்தியானம் புவான் கூப்பிட்டார். உட்கார்ந்தேன். சுடுதண்ணீர் குடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பாரி, இவர்கள் அக்கா தங்கை."

"இல்லை, புவான்."

"பார். தாயின் பெயர் கலைவாணி, முனியாண்டியின் மகள். பார்த்துக்கொள்கிறவள் பெயர் லெச்சுமி, முனியாண்டியின் மகள். நான் போனில் விசாரித்தேன். அந்தம்மா உனக்கு யார் என்று கேட்டேன். 'காக்காக் சாயா', என் அக்கா என்று அவளே சொன்னாள். பிள்ளை எப்படிக் கூப்பிடும் என்று கேட்டேன். 'பெரியம்மா' என்றாள். பெரியம்மா என்றால் அம்மாவின் மூத்த சகோதரி. நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்."

நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அப்பன் பெயரும் ஒன்று, அக்காவும் பெரியம்மாவும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. தமிழ் தெரியாதவர் யாராக இருந்தாலும் அக்கா தங்கை என்றுதான் முடிவு கட்டுவார்கள். தமிழைப் பாதி தெரிந்தவர் சத்தியமே செய்வார்.

"புவான், எங்கள் தோட்டத்தில் முனியாண்டி என்று கூப்பிட்டால் லயத்து வீடுகளில் பாதி திரும்பிப் பார்க்கும். மாட்டுக்கார முனியாண்டி, குட்டை முனியாண்டி, சைக்கிள் முனியாண்டி என்று அடையாளம் வைத்துத்தான் கூப்பிடுவோம். பெரியம்மா என்பதும் அப்படித்தான். நீங்கள் தெருவில் போகிற பெண்களை எல்லாம் மாக்சிக், அத்தை, என்று கூப்பிடவில்லையா?"

"மாக்சிக் என்று எல்லாரையும் கூப்பிடுவேன். அவர்கள் எல்லாருக்கும் என் அப்பா பெயர் இல்லையே."

அவர் மூக்குக்கண்ணாடியைப் பாரத்தின் மேல் வைக்கப் போனார். கை பாதி வழியில் நின்றது.

"சரி. உறவு இல்லை என்கிற பக்கத்தில் அவள் கையெழுத்துப் போடட்டும். போட்டால் இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்."

விஷயம் முடிந்தது என்று நான் சந்தோஷமாக வெளியே வந்தேன். கலைவாணிக்குப் போன் போட்டு வரச்சொன்னேன். ஷிப்ட் முடிந்து, தொழிற்சாலைச் சட்டையோடு ஓடி வந்தாள்.

"இங்க ஒரு கையெழுத்து போடும்மா. காரியம் முடிஞ்சுது."

அவள் படித்தாள். மெதுவாக, உதடு அசையப் படித்தாள். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்த உறவும் இல்லன்னு போட்டிருக்கே, அக்கா."

"ஆமா. இல்லைதானே?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? பிள்ளை பொறந்தப்ப ஆஸ்பத்திரில என் பக்கத்துல நின்னது யாரு? பத்தியச் சோறு ஆக்கிப் போட்டது யாரு? பிள்ளைக்குக் காது குத்தினப்ப மடில வச்சுக்க மாமன் இல்ல எனக்கு. லெச்சுமி அக்கா தம்பிதான் வேட்டி கட்டிக்கிட்டு வந்து மாமன்னு உட்கார்ந்தாரு. சீர் கொண்டாந்தாரு. இப்ப நான் எந்த உறவும் இல்லன்னு கையெழுத்து போட்டா, அன்னிக்கு அந்த மனுசன் உட்கார்ந்தது பொய்யா?"

"ஏம்மா, இது பாரம். கோயில்ல சூடம் அணைச்சு சத்தியமா பண்ணச் சொல்றோம்?"

"அதவிட இதுதான் நிக்கும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு சொல்றத கேப்பாங்க? இந்தக் கையெழுத்தத்தானே கேப்பாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. பைத்தியக்காரி, வேலை போகப்போகிறது, உறவு சோறு போடுமா என்று சத்தம் போட்டேன். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் அழுதாள், பேனாவை மட்டும் தொடவில்லை.

மறுநாள் லெச்சுமியே கிளம்பி வந்தாள். இடுப்பில் யாழினி, பின்னால் தலைகுனிந்தபடி கலைவாணி. லெச்சுமி குண்டான, வாய்த் துடுக்கான பெண். வந்ததும் வராததுமாக என் முகப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"எங்க, தங்கச்சி, அந்தப் பேப்பரு? இவ போடுவா. ஏண்டி கழுத, பேப்பர்ல எழுதிட்டா நான் உனக்கு யாரும் இல்லாம போயிருவேனா? போடுடி!"

"போட மாட்டேன்."

"நான் சொல்றேன், போடு!"

"நீங்க சொன்னாலும் போட மாட்டேன்."

லெச்சுமி என் பக்கம் திரும்பி, "பார்த்தியா தங்கச்சி, இவ திமிர?" என்றாள். வாய் திட்டியது, கண் நிறைந்து நின்றது. அந்தக் கண்ணில் எவ்வளவு பெருமை! இருபது வருடமாக எத்தனையோ பேருக்குப் பிள்ளை தூக்கியவள். ஒருத்தியாவது தனக்காக இப்படி நிற்கிறாளே என்ற பெருமை. அதைப் பார்த்ததும் என் கோபம் வேறு பக்கம் திரும்பியது. இந்த இரண்டு பேரில் யாரிடமும் தப்பு இல்லை. தப்பு அந்த வரியில்தான் இருந்தது. அவர்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்களா என்பதுதான் அரசாங்கத்துக்குத் தெரியவேண்டும். அதைக் கேட்காமல், நீங்கள் ஒருவருக்கொருவர் யாருமே இல்லை என்று எழுதிக்கொடு என்று கேட்டால் மானமுள்ளவள் எப்படி எழுதுவாள்?

என் பேனாவை எடுத்தேன். அச்சடித்திருந்த அந்த வரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அடித்தேன். அதன் மேலே மலாயில் எழுதினேன்: எங்கள் இருவருக்கும் தாய் வேறு, தந்தை வேறு. பக்கத்தில் என் சுருக்கொப்பத்தையும் போட்டேன். பிறகு தமிழில் படித்துக் காட்டினேன்.

கலைவாணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தாய் தகப்பன் வேற. அது உண்மைதான். அதுல என்ன?" என்று கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும் லெச்சுமி அவள் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

பாரம் உள்ளே போனது. என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"பாரி, அரசாங்கம் அச்சடித்த வரியை அடிக்க யார் அனுமதி கொடுத்தார்கள்?"

"யாரும் இல்லை, புவான். நானே அடித்தேன்."

"டூடோக்."

உட்கார்ந்தேன். அன்றைக்கு அவர் சுடுதண்ணீரைத் தொடவில்லை. கார் சாவியை எடுத்தார். "வா, போய்ப் பார்ப்போம்."

அவர் வீடு பார்க்கும் முறை தனி. சொல்லாமல் போவார். செருப்பை வாசலில் கழற்றிச் சுவர் ஓரம் ஒதுக்கி வைப்பார். முதலில் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்ப்பார், பிள்ளை எட்டித் திறக்குமா என்று. அடுத்தது அடுப்படி. கடைசியில்தான் ஆட்களைப் பார்ப்பார். லெச்சுமி வீட்டில் தாழ்ப்பாள் மேலே இருந்தது, அடுப்படிக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தது. கூடத்தில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பிசைந்த சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

"உக்காரு தங்கச்சி," என்றாள் லெச்சுமி என்னிடம்.

புவானுக்குக் காது கூர்மை. "தங்கச்சி என்றால் என்ன?"

"இளைய சகோதரி, புவான்."

"அப்போது நீயும் முனியாண்டியின் மகளா?"

"என் அப்பா வீராசாமி, புவான்."

அவர் உதடு லேசாகத் துடித்தது. அந்த நேரம் பாயிலிருந்து ஒரு பொடியன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். மலாய்ப் பிள்ளை, பெயர் ஹசிக். "பெரியம்மா! நாசி லாகி!" இன்னும் சோறு வேண்டுமாம். அவன் பக்கத்தில் இருந்த சீனப் பெண்குழந்தை சும்மா இருக்குமா? "பெரியம்மா, நானு! பெரியம்மா, நானு!" என்று தமிழில் கத்தியது.

புவான் முழங்காலை மடித்து ஹசிக்குக்குச் சமமாக உட்கார்ந்தார்.

"இது யார், தம்பி?"

"பெரியம்மா லா." இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி பார்த்தான்.

"யாருடைய பெரியம்மா?"

"ஹசிக்கோட பெரியம்மா."

"எனக்கும்!" என்றது சீனக் குழந்தை. "எனக்கு!" என்று யாழினி அதைத் தள்ளியது. பிறகு எல்லாம் சேர்ந்து சண்டை. லெச்சுமி கரண்டியைத் தட்டி, "அடிச்சுக்காதீங்க, எல்லாருக்கும் ஒரே பெரியம்மாதான், வாய மூடிக்கிட்டுத் தின்னுங்க," என்றாள். புவானுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். புவான் சல்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கலைவாணியின் மனு அன்றைக்கே அவர் கையெழுத்தோடு போனது. அடுத்த மாதமே உதவி வந்தது. அவள் வேலையும் தப்பியது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் மேலிடத்தில் யாரோ ஒருவர் அடித்த வரியைப் பார்த்துவிட்டார். அரசாங்கப் பாரத்தை மாற்றியதற்குக் காரணம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினால் விட்டுவிடுவார்கள் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். "வளைஞ்சு போனா என்ன குறைஞ்சுடும், பாரி?" என்றார்கள். நான் எழுதியது இதுதான்: நான் அடித்த வரி பொய் எழுதச் சொன்னது, நான் எழுதிய வரி உண்மையைக் கேட்டது, இரண்டில் அரசாங்கத்துக்கு எது வேண்டும் என்று தெரிவிக்கவும். புவான் அதைக் கடைசி வரியிலிருந்து முதல் வரிவரை படித்தார். நான் மூக்குக்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு, என் கையெழுத்துக்குக் கீழே, "எனக்கும் இதே கருத்து" என்று எழுதி அவர் கையெழுத்தையும் போட்டார்.

எங்கள் கேள்விக்குப் பதிலே வரவில்லை. எச்சரிக்கை மட்டும் வந்து என் கோப்பில் உட்கார்ந்துகொண்டது. அந்தத் தடவை பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை, அதற்கடுத்த தடவையும் இல்லை. எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் எனக்கு மேலே போனார்கள். போகட்டும். அதற்காக ஒருநாள் தூக்கம் கெட்டதில்லை. மறுவருடம் புதிதாக அச்சடித்து வந்த பாரத்திலும் அதே வரி அப்படியே இருந்தது. நானும் அப்படியேதான் இருந்தேன். கையெழுத்துப் போடமாட்டேன் என்று எந்தத் தாய் பேனாவைக் கீழே வைத்தாலும், நான் என் பேனாவை எடுத்து அடிப்பேன். ஓய்வு பெறும் நாள்வரை அடித்தேன். புவான் ஓய்வு பெறும் நாள்வரை அதில் கையெழுத்துப் போட்டார்.

ஷாமினி, இப்போது உன் கம்ப்யூட்டரில் அடிக்க முடியாது என்கிறாய். அச்செடு. அடி. மேலே எழுது. படம் பிடித்துத் திரும்ப உள்ளே ஏற்று. கடிதம் வந்தால் என்னிடம் கொண்டு வா, பதில் எப்படி எழுதுவது என்று காட்டுகிறேன். அந்த அம்மா அத்தையை உறவு இல்லை என்று சொல்லவேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. இது உனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் சர்க்கரைக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மருந்துக்கு எண் எடுத்துக்கொண்டு நடக்கும்போது வார்டு வாசலில் கலைவாணியைப் பார்த்தேன். இப்போது தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் யாழினி, முகம் வீங்க அழுதுகொண்டிருந்தது. லெச்சுமிக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு பேச்சும் போய்விட்டதாம். கணவர் போன வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். உள்ளே லெச்சுமி தனியாகக் கிடக்கிறாள்.

தாதி கதவை மறித்து நின்றாள். சின்னப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள். நெருங்கிய ரத்த சொந்தம் மட்டும்தான் இப்போது உள்ளே போகலாம் என்றாள். நீங்கள் அவருக்கு யார்?

கலைவாணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. தாய் வேறு, தந்தை வேறு என்று எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கியவள் நான். இந்தக் கையெழுத்துதான் நிற்கும் என்று அன்றைக்கு என்னிடம் சொன்னவள் அவள். அவள் தாதியின் பக்கம் திரும்பித் தன் அடையாள அட்டையை நீட்டினாள்.

"அடிக் டியா," என்றாள். அவங்க தங்கச்சி.

தாதி அட்டையைப் பார்த்தாள். கலைவாணி, முனியாண்டியின் மகள். கையிலிருந்த நோயாளிச் சீட்டைப் பார்த்தாள். லெச்சுமி, முனியாண்டியின் மகள். இருந்தாலும் பொறுப்பான பெண், என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"மாக்சிக், பெத்துல்கா?" உண்மையா?

அரசாங்க வேலையில் இருந்தவரை பொய்யான ஒரு வரிக்குப் பக்கத்தில் என் சுருக்கொப்பம் விழுந்ததில்லை.

"பெத்துல்," என்றேன். "கூடப் பிறந்த தங்கச்சி. அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்."

கதவு திறந்தது. கலைவாணி ஓடினாள். "பெரியம்மா!" என்று யாழினியும் பின்னால் ஓடியது, தாதி அதைத் தடுக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ, பேச்சு வராத வாயால், கழுதை என்று திட்டுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

இதற்கும் காரணம் கேட்டு ஒரு கடிதம் வருவதானால் வரட்டும். எழுதித் தருகிறேன்.